பழைய கம்ப்யூட்டர் பாதி பில்லில் நின்றால்



மாதாந்திரக் கணக்குக் கொடுக்கும் வியாபாரிகள் 11 ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தையும், 20 ஆம் தேதிக்குள் வரிக் கணக்கையும் ஜி.எஸ்.டி.யில் தாக்கல் செய்தாக வேண்டும் என்பது தெரிந்ததே. 2024 மே மாதம் 8 ஆம் தேதி, பகல் பதினொன்றரை மணி இருக்கும். கடை நிறைய ஆள் நிற்கும்போது எங்கள் மண்டியில் பில் போடும் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்து விட்டது. "முதலாளி, கரண்ட் இருக்கு, லைட் எரியுது, மிஷின் மட்டும் போயிடுச்சு" என்றார் கணக்குப்பிள்ளை. கால் மணி நேரம் கழித்துப் போட்டால் ஓடியது. மறுபடி அரை மணியில் அணைந்தது.

பார்க்க வந்தவர், "இது பன்னிரண்டு வருஷத்துப் பழசு அண்ணாச்சி, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லி, விலைப் பட்டியலையும் கையில் கொடுத்தார். அவர் வியாபாரம் அவருக்கு. ஆனால் தராசு எடை சரியாகக் காட்டவில்லை என்றால் முதலில் தட்டைத் துடைத்துப் பார்ப்பவர்கள் நாம். அதையே இதற்கும் செய்து பார்ப்போம் என்று நினைத்தோம். அதனால் நாங்கள் கற்றுக் கொண்டதும், கற்றுக் கொள்ளாமல் விட்டதால் பட்டதும் நம் சங்க உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

பழைய கம்ப்யூட்டர் திடீரென்று நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று சூடு, மற்றொன்று ரேம் எனப்படும் மெமரி அட்டை. (யு.பி.எஸ். பேட்டரி தீர்ந்து, கரண்ட் போகும்போது மட்டும் அணைவது வேறு விஷயம். அதை முதலில் பார்த்து விடுங்கள்.) இவ்விரண்டையும் பிரித்து அறிவதுதான் பாதி வைத்தியம்.

சூட்டினால் நிற்கும் மிஷின், காலையில் கடை திறந்ததும் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற மந்தமாகும். உள்ளே விசிறி இரைச்சல் போடும். பிறகு திரையில் ஒரு எழுத்தும் காட்டாமல் சுவிட்சை அணைத்தது போல நிற்கும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். மெமரியினால் நிற்கும் மிஷினுக்குக் காலை, மாலை என்ற கணக்கில்லை. நீலத்திரை வரும், அதில் ஒருநாள் ஒரு வாசகம், மறுநாள் வேறொரு வாசகம் இருக்கும். சில சமயம் சுவிட்ச் போட்டதும் திரையே வராமல் உள்ளிருந்து பீப், பீப் என்று சத்தம் மட்டும் வரும்.

முதலில் சூட்டைப் பார்ப்போம். பிராசசர் என்பது தீப்பெட்டியை விடச் சிறிய சில்லு. கணக்கெல்லாம் போடுவது அதுதான். அதன் தலைமேல் அலுமினியத் தகடுகள் கொண்ட ஹீட் சிங்க்கும், அதற்கு மேல் ஒரு விசிறியும் உண்டு. சில்லுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே பேஸ்ட் என்று ஒரு பசை தடவியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை அடைத்து, சூட்டை மேலே கடத்துவது அந்தப் பசையே. தகடுகளில் தூசி அடைத்தாலும், பசை காய்ந்து சுண்ணாம்பு போல் ஆனாலும் சூடு வெளியேறாது. அப்போது பிராசசர் தன்னைக் காத்துக் கொள்ள முதலில் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். மிஷின் மந்தமாவது அதனால்தான். சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும்போது ஒரேயடியாக நின்று விடும். அது பழுதல்ல, ஒரு பாதுகாப்பு.

மற்ற ஆபீசுகளை விட மளிகைக்கடை கம்ப்யூட்டருக்கு இந்தக் கஷ்டம் அதிகம். வத்தல் நெடி, மல்லித்தூள், மாவு, சாக்குத் தும்பு இத்தனையையும் அந்த விசிறி நாள் முழுவதும் உள்ளே இழுக்கிறது. எங்கள் பெட்டியோ கல்லாவுக்குக் கீழே தரையில், ஒருபுறம் சுவரும் மறுபுறம் வத்தல் மூட்டையுமாக மூச்சு விட இடமில்லாமல் இருந்தது. ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு வெளியே துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தோமே தவிர, பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருநாள் கூட உள்ளே திறந்து பார்த்ததில்லை. திறந்தபோது ஹீட் சிங்க் தகடுகளே தெரியவில்லை, சாக்குத் துண்டை மடித்து வைத்தது போல் இருந்தது.

இதை நாமே செய்யலாம். மெயின் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தைப் போக்கி விட வேண்டும். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக் கூடியது. ஆகவே பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பாகத்தைத் தொட்டு விட்டு வேலையைத் தொடங்குங்கள். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷும் கையில் பிடிக்கும் பிளோயரும் போதும். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக் கொண்டு ஊத வேண்டும். காற்றில் அது தாறுமாறாகச் சுற்றினால் கெட்டு விடும். பங்க்சர் கடைக் காற்று கூடாது, அதில் ஈரம் வரும். கரண்ட் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸை வெளியிலிருந்து ஊதலாம். அதைத் திறக்க மட்டும் யாரும் துணிய வேண்டாம், வயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

பசை மாற்றுவதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய பசையைச் சுத்தமாகத் துடைத்து எடுத்த பின், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பொட்டு வைத்தால் போதும். நெய்ச்சோறு பிசைவது போல் அப்பினால் சூடு கடத்தாது. ஹீட் சிங்க்கின் நான்கு கால்களும் கிளிக் என்று உட்கார்ந்ததா என்றும் பார்க்க வேண்டும். ஒரு கால் தூக்கி நின்றாலும் செய்த வேலை வீண்.

எங்கள் மிஷின் 9 ஆம் தேதி மாலையே ஓடியது, 11 ஆம் தேதி கணக்கும் போய்ச் சேர்ந்தது. அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். அது எங்கள் தவறு.

ஜூன் முதல் வாரத்தில் நீலத்திரை வரத் தொடங்கியது. இரண்டு, மூன்று முறை வந்தது. அணைத்துப் போட்டால் ஓடுகிறதே என்று அதிலேயே பில் போட்டோம். ஒருநாள் காலை கணக்குப் புரோகிராம் பேரேட்டைத் திறக்க மறுத்து விட்டது. பரவாயில்லை, தினமும் ராத்திரி பென் டிரைவில் நகல் எடுக்கிறோமே என்று அதைப் போட்டால் அதுவும் திறக்கவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. நாம் அடிக்கும் ஒவ்வொரு எண்ணும் முதலில் ரேமில்தான் உட்காருகிறது, அங்கிருந்து ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிறது. ரேமில் ஒரு இடம் கெட்டிருந்தால் எழுதிய எண் ஒன்று, சேமிக்கப்படுவது மற்றொன்று. மிஷின் அதைச் சொல்லாது. நாங்களோ ஒரே பென் டிரைவில், முந்தின நாள் நகலின் மேலேயே அடுத்த நாள் நகலை எழுதி வந்தோம். நல்ல நகலைக் கெட்ட நகல் தின்று விட்டது. மே 11 ஆம் தேதிக் கணக்குக்காக ஆடிட்டர் ஆபீசில் கொடுத்திருந்த நகல் ஒன்றுதான் மிச்சம். அதற்குப் பின் போட்ட பில்கள் அத்தனையையும் டூப்ளிகேட் கட்டுகளைப் பார்த்து மறுபடி அடித்தோம். கணக்குப்பிள்ளையும் எங்கள் மருமகளும் ஆறு ராத்திரி உட்கார்ந்தார்கள். இரண்டு வெளியூர்ப் பார்ட்டிகளின் பற்றுவரவில் தகராறு வந்து, ஒன்றை விட்டுக் கொடுத்தோம்.

ஆகவே நீலத்திரை வந்தால் அன்றே பில்லை நிறுத்தி விட்டு ரேமைச் சோதியுங்கள், கைப்பில் போட்டுக் கொள்ளலாம். விண்டோஸிலேயே சோதனை இருக்கிறது. தேடும் இடத்தில் 'மெமரி' என்று ஆங்கிலத்தில் அடித்தால் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' வரும். அதை ஓட விட்டால் மிஷின் தானே அணைந்து எழுந்து சோதிக்கும். முடிவை விண்டோஸ் திரும்ப வந்ததும் காட்டும். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசப் புரோகிராமைப் பென் டிரைவிலிருந்து ராத்திரி முழுவதும் ஓட விடுவது இன்னும் உறுதி. ஒரு பிழை காட்டினாலும் பிழைதான். ஒருமுறை பிழையில்லை என்றால் மட்டும் நம்பி விட வேண்டாம்.

பிழை வந்தவுடன் புது அட்டை வாங்க ஓடவும் வேண்டாம். அட்டையைக் கழற்றி, அதன் தங்கநிறக் கால்களைப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ரப்பர் தூளைத் துடைத்து, இரண்டு பக்கக் கொக்கியும் பூட்டும்வரை அழுத்திச் செருகுங்கள். பல பெட்டிகள் இதிலேயே சரியாகி விடும். ஆகவில்லை என்றால் இரண்டு அட்டைகளில் ஒன்றை மட்டும் போட்டுச் சோதித்து, பிறகு மற்றதைப் போட்டுச் சோதிக்க வேண்டும். அட்டை நல்லதாக இருந்து, செருகும் இடம் கெட்டிருப்பதும் உண்டு. எங்களுக்கு இரண்டு அட்டைகளில் ஒன்று கெட்டிருந்தது.

வாங்கும்போது பழைய அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று ரகங்கள் உண்டு. ஒன்றின் வெட்டு மற்றொன்றில் பொருந்தாது, அழுத்தித் திணித்தால் மதர்போர்டு உடையும். விண்டோஸ் 32 பிட் போட்டிருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் வாங்கிப் போடுவதில் பயனில்லை. எங்களுக்கு 4 ஜி.பி. அட்டையும் கூலியுமாக 1,350 ரூபாய் ஆயிற்று.

பெட்டி திறந்திருக்கும்போதே இன்னும் இரண்டைப் பார்த்து விடுங்கள். மதர்போர்டில் காசு போல ஒரு பேட்டரி இருக்கும், பெயர் சி.ஆர்.2032. அது தீர்ந்தால் மிஷினின் தேதி பின்னோக்கி ஓடி விடும், நெட் தொடர்பு இல்லாத மிஷினில் பில்லிலும் அந்தத் தேதியே விழும். அடுத்தது, சின்ன டப்பா போல் நிற்கும் கெப்பாசிட்டர்கள். அவற்றின் தலை உப்பியோ கசிந்தோ இருந்தால் அந்த மிஷினில் மேலும் பணம் போட வேண்டாம். அங்கே புதுசு வாங்கச் சொல்பவர் சொல்வதுதான் சரி.

இப்போது எங்கள் மண்டியில் ஏழு பென் டிரைவ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கிழமை பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. திங்கள் நகல் மேல் அடுத்த திங்கள்தான் எழுதுவோம். மாதக் கடைசி நகல் ஒன்று வீட்டு அலமாரிக்குப் போகும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த பாதுகாப்பு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்ததால், பில்லுக்கும் பேங்க் வேலைக்கும் புது மிஷின் வாங்கினோம். பழையதை விற்கவில்லை. நெட் தொடர்பு இல்லாமல், கிடங்கில் தரையிலிருந்து மூன்றடி உயர மேஜையில் இருந்து, மூட்டை இருப்புக் கணக்கைப் பார்த்துக் கொண்டிருக்கிறது.