ஏணியா, வேலியா? தோட்டத்துப் பிள்ளையும் கைத்தொழில் பாடமும்

பாலிங் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு பள்ளிக்கூடம்தான். 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஆகியோர் சின் பெங்கைச் சந்தித்துப் பேசியது அங்கிருந்த ஆங்கிலப் பள்ளிக் கட்டடத்தில். உலகமே எட்டிப் பார்த்த அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் வேறு வகைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஒரே அறை, ஒன்றிரண்டு ஆசிரியர்கள், எழுத்து, வாசிப்பு, கணக்கு. மிஞ்சிப் போனால் ஆறாம் வகுப்பு. அதன் பிறகு பிள்ளையின் கையில் பால்வெட்டும் உளிதான்.

பள்ளி எதற்காகத் தோட்டத்துக்குள் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைத்துத் தர வேண்டும் என்று கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் 1923 தொழிலாளர் சட்டம் கூறியது. பிள்ளையை வெளியே அனுப்புவது அந்தச் சட்டத்தின் நோக்கமல்ல. குடும்பம் தோட்டத்திலேயே தங்க வேண்டும், அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பின்னும் கதவு உடனே திறந்துவிடவில்லை. ஆறாம் ஆண்டு முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு வழிமறித்து நின்றது. அதில் தேறாதவருக்கு இடைநிலைப்பள்ளி கிடையாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எதிர்காலம் ஒரே தேர்வில் முடிந்தது. அந்தத் தேர்வு நீக்கப்பட்டு, 1965 இல் வந்ததுதான் பல்துறைக் கல்வி முறை. மூன்றாம் படிவம் வரை எல்லாரும் படிக்கலாம் என்றானது. அதோடு தொழிற்கலை, விவசாய அறிவியல், மனையியல், வாணிகம் என்னும் நான்கில் ஒன்றை எடுக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. தமிழ்ப் பள்ளியிலிருந்து போனவர் அதற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது.

இப்படி ஏட்டுப் படிப்பையும் கைவேலையையும் ஒரே கூரையின்கீழ் வைக்கும் எண்ணத்தைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது அமெரிக்கா. விவசாயம், கைத்தொழில், மனையியல் ஆகியவற்றைப் பள்ளிகளில் கற்பிக்க மத்திய அரசே பணம் தரும் என்று அங்கே 1917 இல் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் வந்தது. 1950களில் அங்குள்ள ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தால் ஒரு பக்கம் மரவேலைப் பட்டறை, இன்னொரு பக்கம் அடுப்பும் தையல் இயந்திரமும் வரிசையாக வைத்த மனையியல் கூடம், மைதானத்தில் ஊதுகொம்பும் முரசுமாகப் பள்ளி பேண்டு. பள்ளி பேண்டுகளுக்கான தேசியப் போட்டியை அவர்கள் 1923 இலேயே சிக்காகோவில் நடத்திவிட்டார்கள். டாக்டர் பிள்ளையும் டிராக்டர் ஓட்டுபவரின் பிள்ளையும் ஒரே பேண்டில் ஊத வேண்டும் என்பதே அந்தப் பள்ளியின் பெருமை. ஆனால் பட்டறை பையனுக்கு, அடுப்பு பெண்ணுக்கு என்ற பாகுபாடு அங்கும் இருந்தது. பால் வேறுபாடு காட்டக்கூடாது என்ற சட்டம் 1972 இல் வந்தபின்தான் அது தளரத் தொடங்கியது.

நம்மவர்களுக்கு இந்தப் பாடங்கள்மீது ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சென்னை மாநிலத்தில் 1953 இல் ராஜாஜி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நாள் வகுப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அப்பன் தொழிலுக்கே பிள்ளையைத் தள்ளும் குலக்கல்வி இது என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1954 இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துக் கை காய்த்த தகப்பன், பள்ளியில் விவசாய அறிவியல் என்று மகன் மண்வெட்டி தூக்குவதைப் பார்த்தால் மனம் சுருங்காமல் என்ன செய்யும்? “மண்ணு கொத்தவா உன்னைப் படிக்க அனுப்பினேன்?” என்ற கேள்வி லயத்து வாசலில் எழுவது இயல்புதான்.

ஆனால் இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. சென்னைத் திட்டம் பிள்ளையை வீட்டுத் தொழிலுக்குத் திருப்பி அனுப்பியது. 1965 இல் இங்கு வந்த முறையிலோ கைத்தொழில் தேர்வுப் பாடமானது. எல்.சி.இ. தேர்விலும், பின்னர் எஸ்.ஆர்.பி. தேர்விலும் அதற்கு மதிப்பெண் உண்டு. எழுதித் தேறினால் அடுத்த படி. குறை எங்கே என்றால், எந்தப் பாடம் என்பதைப் பல நேரம் பிள்ளை தேர்ந்தெடுக்கவில்லை. பள்ளியில் இருந்த வசதி தேர்ந்தெடுத்தது. இயந்திரப் பட்டறைக்குச் செலவு அதிகம், காய்கறிப் பாத்திக்குச் செலவு குறைவு.

அந்தத் தேர்வு எவ்வளவு முக்கியமானது என்பதைப் பாலிங்கே காட்டியது. 1974 நவம்பர், டிசம்பரில் ரப்பர் விலை சரிந்து அரிசி விலை ஏறியபோது, சிறுதோட்டக்காரர்களான மலாய் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் அங்கே திரண்டார்கள். தலைநகரில் மாணவர்கள் அவர்களுக்காக வீதிக்கு வந்தார்கள். ஒரே மரத்தை நம்பிய வாழ்க்கை எந்த இனத்தவரையும் விட்டுவைக்கவில்லை. கையில் இன்னொரு தொழில் இருந்தவன் பஸ் ஏறிப் பட்டணம் போக முடிந்தது. பினாங்கு பாயான் லெப்பாசில் 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1996 இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது.

பெண்பிள்ளைகளின் கதை தனி. மனையியல் என்றால் “வீட்டில் அம்மா கற்றுத் தராததா?” என்று இளக்காரமாகப் பேசுவது வழக்கம். அளவெடுப்பது, துணி வெட்டுவது, சத்துணவு, குடும்ப வரவு செலவுக் கணக்கு என்று ஒழுங்காகப் படித்தவளுக்கும், பார்த்துப் பழகியவளுக்கும் வேறுபாடு உண்டு. தவணையில் வாங்கிய சிங்கர் மெஷின் ஒன்று வீட்டில் இருந்தால், தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதங்களில் அந்த வேறுபாடு ரிங்கிட்டாகவே தெரியும்.

1989 இல் புதிய இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டம் தொடங்கியபின் இந்த நான்கும் கலக்கப்பட்டு வாழ்வியல் திறன் ஆனது. பிள்ளைகள் வாயில் அது ‘கெமாஹிரான் ஹிடுப்’. பையன் பொத்தான் தைத்தான், பெண்பிள்ளை மூன்று முனை பிளக்கில் கம்பி மாட்டினாள். அமெரிக்கா சட்டம் போட்டுச் செய்ததை இங்கே ஒரு பாடநூல் சத்தமில்லாமல் செய்தது. 2017 முதல் அதன் இடத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் படிப்படியாக வந்துவிட்டது.

இசைக்கு மட்டும் இந்த வாய்ப்பு வெகுநாள் கிட்டவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு இசை என்றால் கோயிலில் தேவாரம், திருவிழாவில் உறுமி மேளம். 1983 இல் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் மாறியபோதுதான் இசைக்கல்வி கால அட்டவணையில் ஏறியது. நான்காம் ஆண்டில் ரிக்கார்டர் குழல் கைக்கு வந்தது. விலை குறைந்த பிளாஸ்டிக் குழல்தான். என்றாலும் இசைக்குறியீட்டைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரவலாகக் கிடைத்தது அதன் மூலம்தான். கோயில் மேளம் அடிக்கும் பையனுக்குத் தாளம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதைத் திறமை என்று வகுப்பறை கணக்கில் எடுத்துக்கொள்வது மட்டும் ஆசிரியரைப் பொறுத்தது.

இன்று கெடாவில் சுங்கை பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் ஆகிய இடங்களில் தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன. 2012 முதல் நாட்டின் தொழிற்பள்ளிகள் இவ்வாறு தரம் உயர்த்தப்பட்டு, டிப்ளோமா வரை படிக்கும் வழி திறந்தது. பழைய தொழிற்பள்ளியைத் ‘தேறாத பிள்ளை போகும் இடம்’ என்றே நினைத்துப் பழகிய பெற்றோர் பலருக்கு இந்த மாற்றம் இன்னும் பழகவில்லை. பாலிங்கிலிருந்து சுங்கை பட்டாணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே மூன்றாம் படிவத்தில் பிள்ளை இருக்கும் வீட்டில், பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எந்தத் துறையில் இடம் இருக்கிறது, விடுதி கிடைக்குமா, விண்ணப்பம் எந்த மாதம் மூடப்படுகிறது.