ஏரியை மூடும் கருஞ்சிப்பி

வளர்ப்பதற்கெனக் கொணர்ந்த கப்பாபைகஸ் பாசி, மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளப்பாறைகளைப் போர்த்தியது 2008-இல் வெளியான செய்தி. அதையொத்த இடர் கோட்டைக்குப்பத்து மீனவரையும் இன்று வருத்துகிறது.

‘காக்கா ஆழி’ என அவர்கள் அழைக்கும் இச்சிப்பி தென் அமெரிக்கக் கரைகளுக்குரியது. கப்பல்களின் வழியே வந்ததென்பர். நாம் உண்ணும் பச்சைச் சிப்பியினும் சிறியது, பெரும்பாலும் கருநிறத்தது. நூல்களால் ஒன்றோடொன்று பிணைந்து அடிமண்ணைப் பாய்போல் மூடிவிடும். அடியில் மட்டி மடியும். இறால் பதுங்க இடமிராது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் விரல்களை ஓடு கிழிக்கும்.

நஞ்சிட்டால் ஏரியே கெடும். வாரிக் கரையேற்றுவதே வழி. வலையில் சிக்கியதை மீண்டும் நீரில் எறிதலாகாது. கொசஸ்தலையாற்றில் இதனை அகற்றும் விவகாரம் 2024-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. பழவேற்காட்டு ஏரிக்கும் அவ்வாறே கேட்க நம் பங்குகள் தயங்குவானேன்?