சக்கரம் சூடாகிறதா? டிரைவரைத் திட்டும் முன் பிரேக்கைப் பாருங்கள்!



குழுக் கடனில் வேன், லோடு வண்டி வாங்கி ஓட்டுகிற குழுக்கள் நம்மில் உண்டு. ஓட்டுவது டிரைவர், ரிப்பேர் பார்ப்பது மெக்கானிக், நமக்கு என்ன தெரியும் என்று இருந்துவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அதனால் ஒரு தப்பும் செய்தோம்.

எங்கள் காய்கறி வேன் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும். இரண்டு மாதத்தில் அது 12 ஆகக் குறைந்தது. கணக்கு நோட்டைப் பார்த்ததும், "டீசலை டிரைவர் விக்கிறான்"னு கூட்டத்திலேயே பேசிவிட்டோம். அந்தத் தம்பி ஒன்றும் சொல்லாமல் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வேறு ஆளை வைத்துச் சந்தைக்குப் போனோம். வழியில் ஒரே கருகல் வாடை. இறங்கிப் பார்த்தால் முன்பக்கம் இடது சக்கரத்துக்குக் கிட்டே போக முடியவில்லை, அவ்வளவு சூடு! பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. டீசலைக் குடித்தது அதுதான்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுற்றும். அதுதான் டிஸ்க். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க நாம் இடுக்கி வைத்திருக்கிறோம் அல்லவா? அதுபோல இந்தத் தட்டை இரண்டு பக்கமும் பிடிக்கிற இடுக்கிதான் காலிபர். அதன் வாயில் இரண்டு பிரேக் பேட் இருக்கும். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் குழாய் வழியாக வந்து காலிபரில் உள்ள பிஸ்டனைத் தள்ளும். பேட் தட்டை இறுக்கும். காலை எடுத்ததும் பிஸ்டன் ஒரு மயிரிழை பின்னால் போக வேண்டும். போகாவிட்டால் ஓட்டமெல்லாம் பிரேக்கை மிதித்தபடி ஓட்டுகிற மாதிரிதான்.

ஏன் பிடித்துக்கொள்கிறது?

1. பிஸ்டனை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்து, தண்ணீரும் மண்ணும் புகுந்து துரு ஏறுவது.
2. காலிபர் நகருவதற்கு உள்ள இரண்டு பின்கள் கிரீஸ் காய்ந்து இறுகிப் போவது.
3. பிரேக் ஹோஸ் உள்ளே ஊறி அடைத்து, போன ஆயில் திரும்பி வராமல் நிற்பது.

மழைக்காலத்தில் வண்டியைப் பல நாள் ஓட்டாமல் நிறுத்தினாலும் இது வரும்.

நாமே கண்டுபிடிப்பது எப்படி?

● வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மைலேஜ் குறையும். கருகல் வாடை வரும்.
● ஓடி வந்து நின்றதும் நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் சந்தேகம்தான். தொட்டுவிடாதீர்கள், தோல் உரிந்துவிடும்.
● சூடு ஆறிய பிறகு, சமதரையில் மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றுங்கள். லேசாக உரசினால் பரவாயில்லை. சுற்றவே முடியாவிட்டால் பிரேக் பிடித்திருக்கிறது. கரகர சத்தமும் ஆட்டமும் இருந்தால் பேரிங்காகவும் இருக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

மெக்கானிக் செய்ய வேண்டியது

முதலில் காலிபரில் உள்ள ஏர் எடுக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்துவார். ஆயில் பீறிட்டுச் சக்கரம் உடனே லேசானால் கோளாறு ஹோஸிலோ அதற்கு மேலேயோ இருக்கிறது. அப்படியும் சுற்றாவிட்டால் காலிபரைக் கழற்ற வேண்டும். பின் இறுகியிருந்தால் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் தடவினால் போதும், செலவு குறைவு. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது சிக்கினால் சீல் கிட் மாற்ற வேண்டும். பிஸ்டன் துருவால் அரித்திருந்தால்தான் புதுக் காலிபர். பேட் மாற்றினால் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எங்களிடம் முதலில் பார்த்தவர் "ரெண்டு காலிபரும் போச்சு"ன்னார். "பின்னைக் கழட்டிப் பார்த்தீங்களா அண்ணே?" என்று கேட்டோம். பார்த்தபோது பின்தான் இறுகியிருந்தது. கருகிய பேட்டை மட்டும் இரு பக்கமும் மாற்றினோம்.

செய்யக் கூடாதவை

✗ சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். டிஸ்க் வளைந்துவிடும், விரிசல் விடும்.
✗ சாதா கிரீஸ், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் பிரேக் ரப்பரில் படக் கூடாது. ரப்பர் உப்பிவிடும்.
✗ "சந்தை வரைக்கும் போயிடலாம்"னு ஓட்டாதீர்கள். சூட்டில் பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. உயிருக்கே ஆபத்து.

வேலை முடிந்ததும் பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். பிறகு காலி ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிரேக் ஆயில் தானாகவே ஈரத்தை இழுக்கும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. எந்த ஆயில் என்பது டப்பா மூடியில் டாட் 3, டாட் 4 என்று போட்டிருக்கும்.

நாங்கள் எடுத்த முடிவு

டிரைவர் தம்பி வீட்டுக்கு ஐந்து பேர் போய் மன்னிப்புக் கேட்டோம். "போன மாசமே வண்டி இடது பக்கம் இழுக்குதுன்னு சொன்னேனே அக்கா, யாரும் காதுல வாங்கல"ன்னார். தலை குனிந்தோம். அவர் திரும்ப வந்துவிட்டார். இப்போது டீசல் நோட்டில் "டிரைவர் சொன்னது" என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் அதைப் படித்த பிறகுதான் மைலேஜ் கணக்கைப் பார்க்கிறோம். தீர்மான நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

உங்கள் குழுவில் வண்டி இருந்தால், அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். கணக்கு குறைந்தால் முதலில் வண்டியைப் பாருங்கள். மனுஷன் மேல் பழி போடுவது அப்புறம் இருக்கட்டும்!