துருவேறி இறுகிய போல்டுகளைக் கழற்றும் முறை

உழவு முடிந்ததும் கொத்துக் கலப்பையைக் களத்து மேட்டிலோ புளிய மரத்தடியிலோ விட்டுவிடுவது பல ஊர்களில் வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அதன் மேலேயே பெய்யும். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிக் கிடந்த கலப்பையில் தேய்ந்த கொழுவை மாற்ற முற்பட்டால் நட்டு அசைவதில்லை. பலங்கொண்ட மட்டும் திருகினால் போல்டு முறிகிறது. அல்லது நட்டின் முனைகள் மழுங்கிப் போகின்றன. நிலத்தில் ஈரம் காய்ந்துகொண்டிருக்கும் நாளில் இது பெரிய இடைஞ்சல். இதற்காகவே கலப்பையைப் பழைய இரும்புக்கு எடை போட்டுக் கொடுத்தவர்களும் உண்டு.

இரும்பு ஈரத்துடனும் காற்றுடனும் சேர்ந்து துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். போல்டு மரைக்கும் நட்டு மரைக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளியில் இந்தத் துரு நிறைந்து, ஆப்பு அடித்தாற்போல் பிடித்துக்கொள்கிறது. பொட்டாஷ் உரத்தில் உள்ள குளோரைடு உப்பு துருவை இன்னும் விரைவுபடுத்தும். உர மூட்டை ஏற்றிய டிரெய்லரைக் கழுவாமல் நிறுத்தினால் சட்டம் சீக்கிரம் அரிக்கப்படுவது இதனால்தான்.

போல்டில் கை வைக்குமுன் சட்டத்தைச் சோதிக்க வேண்டும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். அங்கே திருப்புளி முனையால் குத்தினால் உள்ளே இறங்கிவிடும். பெட்டி வடிவச் சட்டங்கள் உள்ளிருந்தே அரிக்கும் என்பதால் வெளிப்பூச்சைப் பார்த்து ஏமாறக்கூடாது. அரித்த தகட்டின் மேலேயே பற்ற வைப்பது வீண் செலவு. நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, அதன் பிறகே துண்டு வைத்துப் பற்ற வைக்க வேண்டும்.

இறுகிய நட்டுக்கு முதல் மருந்து பொறுமை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் நன்கு தேய்க்க வேண்டும். அழுக்குப் பிடித்த மரை மேல் நட்டு ஏறி வராது. பிறகு கடைகளில் விற்கும் துரு இளக்கும் எண்ணெயை விட வேண்டும். டீசலும் மண்ணெண்ணெயும் கூட உதவும், ஆனால் நேரம் பிடிக்கும். கிரீஸும் கியர் ஆயிலும் கெட்டியானவை, இடுக்கில் இறங்கா. காலையும் மாலையும் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊற விடுவது நல்லது. இடையிடையே நட்டின் ஒரு பக்கத்தில் கனத்த சம்மட்டியை அணை கொடுத்து, எதிர்ப் பக்கத்தில் சுத்தியலால் தட்டினால் துரு விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி கிடைக்கும்.

நட்டின் ஆறு முனைகளையும் பிடிக்கும் ரிங் ஸ்பானரையே பயன்படுத்த வேண்டும். பைப் குறடு நட்டைக் கடித்துக் கெடுத்துவிடும். அளவிலும் கவனம் தேவை. பழைய கருவிகளில் அங்குல அளவு போல்டுகள் இருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; அதற்குரிய தலையில் 13 மி.மீ. ஸ்பானரைப் போட்டால் வழுக்கும். முதலில் இறுக்கும் பக்கமாகச் சிறிது அசைத்து, பிறகே கழற்றும் பக்கம் திருப்ப வேண்டும். கால் சுற்று வந்ததும் எண்ணெய் விட்டு, திரும்பவும் உள்ளே திருப்பி, மறுபடி வெளியே என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவந்தால் போல்டு முறியாது. குழாயை மாட்டி ஒரே இழுப்பாக இழுப்பவர் கையில் பாதி போல்டுதான் மிஞ்சும்.

இதற்கும் அசையாவிட்டால் சூடு. போல்டை விட்டு நட்டை மட்டும் சுற்றிலும் சூடாக்க வேண்டும். 20 மி.மீ. நட்டு 300 டிகிரி சூடேறினால் அதன் துளை சுமார் 0.07 மி.மீ. விரியும், துருவின் பிடி விட அதுவே போதும். சூடான மரையில் மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இறங்கி வழுக்கலைத் தரும். ஆனால் முதலில் விட்ட எண்ணெயை நன்கு துடைத்தாக வேண்டும். ஸ்பிரிங் கொத்தில் தீ பட்டால் அதன் வலு போய்விடும். நாகம் பூசிய போல்டைச் சுடும்போது எழும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். டயர் மாட்டிய சக்கரத்தின் நட்டில் மட்டும் தீ காட்டவே கூடாது. காற்றை இறக்கிவிட்டால் போதும் என்ற எண்ணமும் தவறு; உள்ளே ரப்பர் கருகி எழும் வாயுவால் டயர் வெடித்து ஆளைக் கொன்றுவிடும்.

நட்டை உளியால் பிளந்தோ ஹாக்சாவால் அறுத்தோ எடுப்பதிலும் தவறில்லை. நட்டுக்கு ஆகும் காசு சொற்பம்; சட்டத்தின் துளை கெடாமலிருப்பதே முக்கியம். துளைக்குள் முறிந்த போல்டின் தலையில் புது நட்டு ஒன்றைப் பற்ற வைத்தால், அந்தச் சூட்டிலேயே இளகித் திருகிக்கொண்டு வந்துவிடுவதும் உண்டு. இதைப் பட்டறையில் விடுவதே நல்லது.

கழற்றிய பாகங்களைத் துரு நீங்கத் தேய்த்து, அன்றே ரெட் ஆக்சைடு பூச வேண்டும். ஓர் இரவு பனியில் கிடந்தாலும் மறுபடி துரு பூத்துவிடும். தலையில் 8.8 என்று பொறித்த போல்டு இருந்த இடத்தில் எழுத்தில்லாத போல்டைப் போடக்கூடாது. அதேபோல், கல்லில் மோதினால் தானே முறிந்து கருவியைக் காக்க வைத்திருக்கும் போல்டுக்குப் பதில் கெட்டி போல்டைப் போட்டால் உடைவது கொத்தாக இருக்கும். கொழு போல்டுகளின் மரையில் கிரீஸ் தடவி மாட்டினால் அடுத்த முறை ஸ்பானருக்கே கழன்றுவிடும்.