நான்கு ஆசிரியர்கள், ஒரே புலம்

மென்பொருள் படிப்பவர்களில் பலரும் அறிந்த நூல், 1994-இல் வெளிவந்த ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’. எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடீஸ் ஆகிய நால்வர் சேர்ந்து எழுதியது. நூலகப் பட்டியலில் இத்தகைய பெயர்களைக் குடும்பப் பெயர் முன்னே வரும்படி பதிவார்கள்: காமா எரிக், ஹெல்ம் ரிச்சர்ட், ஜான்சன் ரால்ஃப், விலிசிடீஸ் ஜான். இந்தப் பதிவைத் தேடுபொறியில் ஏற்றிவிட்டு, மேற்கோள் குறிகளுக்குள் ‘ரிச்சர்ட் ஜான்சன்’ என்று தேடினால் இந்த நூல் வந்து நிற்கக்கூடும். அப்படி ஓர் ஆசிரியர் அந்த நூலுக்குக் கிடையாது.

இதற்குக் காரணம் சொல்லடைவு கட்டப்படும் விதம். டக் கட்டிங் 1999-இல் எழுதிய லூசீன், இன்றைய தேடல் மென்பொருள்கள் பலவற்றுக்கு அடித்தளம். சோலரும் 2010-இல் வந்த எலாஸ்டிக்சர்ச்சும் அதன்மேல் எழுந்தவையே. லூசீன் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது எந்த ஆவணத்தில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று எழுதிவைக்கும். ‘ஆசிரியர்’ என்பது போன்ற ஒரே புலத்துக்கு நான்கு மதிப்புகளைக் கொடுத்தால் நான்கையும் ஒரே வரிசையில் கோத்துவிடும். ‘ரிச்சர்ட்’ 4-ஆம் இடம். ‘ஜான்சன்’ 5-ஆம் இடம். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் சொற்றொடர் பொருந்திவிட்டது என்று அது முடிவுகட்டுகிறது. ஓர் ஆசிரியர் எங்கே முடிந்து அடுத்தவர் எங்கே தொடங்குகிறார் என்பது அதற்குத் தெரியாது.

இதற்கு எளிய மருந்து உண்டு. ஒரு மதிப்பு முடிந்ததும் இட எண்ணைத் தாண்டவிட்டு, பிறகு அடுத்த மதிப்பைத் தொடங்கலாம். லூசீனில் இந்த இடைவெளி இயல்பாகப் பூஜ்யம். எலாஸ்டிக்சர்ச் தானாகவே 100 வைக்கிறது. சோலரின் மாதிரி அமைப்புகளிலும் 100 என்றே காணலாம். ஆனால் மேற்கோள் குறி இல்லாமல், இரண்டு சொற்களும் இருந்தால் போதும் என்று தேடினால் அந்த 100-ஆல் ஒரு பயனும் இல்லை. ‘ரிச்சர்ட்’டும் இருக்கிறது, ‘ஜான்சன்’னும் இருக்கிறது. ஆகவே ஆசிரியர் புலத்தில், சொற்கள் சற்று முன்பின்னாக இருந்தாலும் ஏற்கும் சொற்றொடர் தேடலையே நான் பரிந்துரைப்பேன். தளர்வு அளவை 2 என்று வைத்தால் ‘ரால்ஃப் ஜான்சன்’, ‘ஜான்சன் ரால்ஃப்’ இரண்டும் கிடைக்கும். இல்லாத ரிச்சர்ட் ஜான்சன் 100 இடங்களுக்கு அப்பால் நின்றுவிடுவார்.

பெயரோடு பங்கும் சேரும்போதுதான் உண்மையான இழப்பு நேர்கிறது. ஹென்றி ஷாரியரின் ‘பாப்பிலான்’ நூலை ரா.கி.ரங்கராஜன் ‘பட்டாம்பூச்சி’ என்று தமிழில் தந்தார். பெயர்கள் என்ற புலத்தில் இருவரையும், பங்குகள் என்ற புலத்தில் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்ற இரண்டையும் போட்டுவைப்பதாகக் கொள்வோம். திரையில் காட்டும்போது கோளாறு தெரியாது, சேமித்த வரிசை அப்படியே வரும். தேடும்போது மட்டும் இணைப்பு அறுந்துவிடும். ‘ஆசிரியராக ரா.கி.ரங்கராஜன்’ என்று கேட்டால், அவர் சொந்தமாக எழுதிய ‘நான், கிருஷ்ணதேவராயன்’ நூலோடு ‘பட்டாம்பூச்சி’யும் வரும், ‘மொழிபெயர்ப்பாளராக ஷாரியர்’ என்று கேட்டாலும் அதே நூல் வரும்.

1960-களில் ஹென்ரியட் அவ்ரம் தலைமையில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உருவான மார்க் என்ற நூற்பட்டியல் பதிவு முறையை நினைத்தால் இந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது. இன்று வழங்கும் மார்க் 21-இல் கூடுதல் நபர் பெயர்களுக்கான 700-ஆம் புலத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஒவ்வொருவரின் பங்கையும் அவரவர் பெயருடனேயே குறிக்கலாம். பட்டியலாளர் பொறுமையாகப் பிரித்து எழுதிவைத்ததைத் தேடுபொறிக்கு மாற்றும்போது நாம் கலைத்துப்போடுகிறோம்.

எலாஸ்டிக்சர்ச்சில் பெயரையும் பங்கையும் ஒரே பொருளாக்கி, அப்படிப்பட்ட பொருள்களை வரிசையாகக் கொடுத்தாலும், அது உள்ளுக்குள் அவற்றைப் பெயர்கள் தனி, பங்குகள் தனி எனத் தட்டையாக்கிவிடும். ‘நெஸ்டட்’ என்று வெளிப்படையாக அறிவித்தால்தான் ஒவ்வொரு இணையும் தனி மறை ஆவணமாகப் பதியும். விலை உண்டு: ஆவணங்கள் பெருகும், ஒருவரின் பங்கைத் திருத்தினாலும் முழுப் பதிவையும் மறுபடி ஏற்ற வேண்டும். நூலகத்துக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. பங்குகள் எண்ணிச் சொல்லக்கூடியவை. ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர், ஓவியர் எனப் பங்குக்கு ஒரு புலம் வைத்தாலே இணைப்பு காப்பாற்றப்படும்.

வரிசைப்படுத்தலிலும் ஒரு சிக்கல். நான்கு பெயர் கொண்ட நூல் அகரவரிசையில் எங்கே நிற்கும்? எலாஸ்டிக்சர்ச் ஏறுவரிசையில் மிகச் சிறிய மதிப்பையும், இறங்குவரிசையில் மிகப் பெரியதையும் எடுத்துக்கொள்ளும். முதலாசிரியர் யார் என்பது அதற்குப் பொருட்டல்ல. வரிசைக்கென்றே ஒற்றை மதிப்புப் புலம் வைப்பதுதான் சரியான வழி. நூலகங்களுக்கான திறமூல மென்பொருளான வியூஃபைண்ட் அப்படித்தான் செய்கிறது.

உங்கள் நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ தேடல் வசதி அமைப்பவர் வந்தால், தரவை ஏற்றும் முன்பே அவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மதிப்புகளுக்கு இடையே இடைவெளி எவ்வளவு, யார் என்ன செய்தார் என்பது எங்கே பதிகிறது, எதைக்கொண்டு வரிசைப்படுத்துகிறீர்கள்? பிறகு மாற்ற வேண்டுமென்றால் எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.