சலத்தொற்றை விரைந்து காட்டும் உயிர் உணரி

சலம் கழிக்கும்போது எரிவு, அடிக்கடி சலம் போகவேண்டும் என்ற உந்தல், அடிவயிற்றில் நோ ஆகியன சலத்தொற்றின் அறிகுறிகள். ஆண்களிலும் பார்க்கப் பெண்களையே இது கூடுதலாகப் பீடிக்கின்றது. மலசலகூட வசதி குறைந்த இருப்பிடங்களில் பெண்கள் சலத்தை அடக்கி வைப்பதும், அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் தொற்றுக்கு இடமளிக்கும். கவனியாது விட்டால் கிருமி சிறுநீரகம் வரை ஏறும். கர்ப்பிணிகளுக்குக் குறைமாதப் பிரசவமும் நேரலாம்.

தாமதம் எங்கே?

சலத்தில் தோய்த்தெடுக்கும் பரிசோதனைத் துண்டு சில நிமிடங்களில் நிறம் மாறி, தொற்று இருக்கலாம் என்று காட்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதை அது சொல்லாது. அதற்கு ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். களை முளைத்துத் தழைத்த பின்பே இன்ன களையென்று தெரியும், கிருமியும் அப்படியே. இரண்டு மூன்று நாட்கள் செல்லும். அதுவரை வைத்தியர் அனுபவத்தைக் கொண்டே மருந்து கொடுக்கின்றார். மருந்து பொருந்தாவிட்டால் நோய் நீடிக்கும். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகும்.

உயிர் உணரி என்றால் என்ன?

உயிர்ப்பொருள் ஒன்று தேடும் பொருளை இனங்காணும். அதனோடு இணைந்த கருவி அதை மின் சைகையாக மாற்றும். இதுவே உயிர் உணரி. நீரிழிவுக்காரர் விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனி பார்க்கும் சிறு கருவியும் இவ்வகையானதே. 2006 இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள், கிருமியின் ஆர்.என்.ஏ.யைப் பற்றிப்பிடிக்கும் இழைகளைப் பொன் மின்வாய்களில் பொருத்தினர். உரிய கிருமி சலத்தில் இருந்தால் மின்னோட்டம் உண்டாகும். 45 நிமிடங்களில் கிருமியின் இனம் தெரிந்தது.

வேறொரு முறையில், நுண்ணிய கால்வாய்களில் கிருமி வளர்வதை நுணுக்குக்காட்டியால் கவனிக்கும் சுவீடன் நாட்டுக் கருவியொன்று 2024 இல் 80 இலட்சம் பவுண் லோஞ்சிடியூட் பரிசைப் பெற்றது. எந்த மருந்து பொருந்தும் என்பதையும் அது 45 நிமிடங்களுக்குள் காட்டுகின்றது.

நாம் செய்யக்கூடியவை

இக்கருவிகள் எல்லா வைத்தியசாலைகளையும் எட்டவில்லை. ஆகவே:

• மருந்து தொடங்கும் முன்பே பரிசோதனைக்குச் சலம் கொடுங்கள்.
• முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான போத்தலில் பிடியுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒப்படையுங்கள்.
• மருந்தை வைத்தியர் சொன்ன நாள்வரை எடுங்கள். மற்றவரின் மீதி மாத்திரையை விழுங்காதீர்கள்.
• நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்புற நோ, வாந்தி கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிகள் சிறு எரிவுக்கும் தாமதிக்கக் கூடாது.