உங்களுக்குத் தெரியுமா? அப்பாவின் 74 நாள்

கூக்கால் மலைக்கிராமத்தின் படிக்கட்டு வயல்களில் ஊன்றிய மலைப்பூண்டைப் பிடுங்க ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும். அந்தப் பயிருக்கு முதுகில் டேங்க் மாட்டி மருந்தடிக்கிறவரின் உடம்பில் ஒரு விந்தணு உருவாக சுமார் 74 நாள். ஆகவே இன்று மூச்சிலும் தோலிலும் ஏறிய நஞ்சின் விளைவு, இரண்டரை மாதம் கழித்தும் தலைகாட்டலாம்.

முதிர்ந்த விந்தணுவால் தன் டி.என்.ஏ. சேதத்தைத் தானே சரிசெய்ய முடியாது. கருவுற்றதும் அந்த வேலை முட்டையின் தலையில் விழுகிறது (அம்மாக்களுக்கு இது புதிதா என்ன!). முதல் இரண்டு நாள் கரு தாயின் சேமிப்பில்தான் ஓடும். மூன்றாம் நாள் வாக்கில், நான்கு முதல் எட்டு செல்லாக இருக்கும்போது, அதன் சொந்த மரபணுக்கள் விழிக்கின்றன. தந்தைவழிச் சேதம் பெரும்பாலும் அதற்குப் பிறகே வெளிப்படும். கரு வளராமல் நின்றும் போகலாம். கரு தங்கவில்லை என்றால் மருமகளை மட்டும் டாக்டரிடம் அனுப்புவது பாதிக் கணக்குதான்.

1985-இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சைக்ளோபாஸ்பமைடு என்ற புற்றுநோய் மருந்தை ஆண் எலிகளுக்கு மட்டும் குறைந்த அளவில் தொடர்ந்து கொடுத்தார்கள். அவற்றின் இனப்பெருக்கத் திறன் குறையவில்லை. ஆனால் அவற்றுடன் இணைந்த, அந்த மருந்தே கொடுக்கப்படாத பெண் எலிகளின் வயிற்றில் கருக்கள் அழிந்தன.

பயிர்மருந்தும் ஆண்களைப் பாதித்ததுண்டு. வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கான டி.பி.சி.பி. மருந்தைத் தயாரித்த கலிபோர்னியா ஆலையில், 1977-இல் ஆண் தொழிலாளர்கள் பலருக்கு விந்தணுவே இல்லை அல்லது மிகக் குறைவு என்று தெரியவந்தது. சந்தேகத்தை முதலில் கிளப்பியவர்கள் அந்தத் தொழிலாளர்களே. தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான், பலருக்கும் குழந்தை பிறக்கவில்லை என்பது பிடிபட்டது.